ஐந்தேகால் ரூபாய்

எங்கள் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று சாமான்கள் கடைசி வரையில் இருந்தன. ஒன்று அவளுடைய கல்யாணக் கூறைப் புடவை. இரண்டாவது, தாத்தா கணக்கெழுதிய தொட்டெழுதும் பேனாவின் கட்டை. மூன்றாவது, நான்காய் மடித்த ஓர் இங்கிலீஷ் கடிதம். (எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்லுவோம். மதராஸுக்குக் குடிவந்த புதிதில் அண்டை வீட்டார் அவளை எங்கள் வீட்டு வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு சம்பளம் விசாரித்தார்கள்.)

அந்தக் கடிதம் 1931-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தாத்தாவுக்கு எழுதியது. கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. தாத்தா அப்போது ஆம்பூரில் ஒரு டானரியில் கணக்குப்பிள்ளை. மாதம் 40 ரூபாய் சம்பளம். 1927-ல், தம்முடைய 29-ஆவது வயதில், 2,000 ரூபாய்க்கு ஓர் ஆயுள் பாலிஸி எடுத்தார். இருபது வருஷம் பிரீமியம் கட்டிவிட்டால் போதும். அதன் பிறகு எப்போது கண்ணை மூடினாலும் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் கிடைக்கும். லாபத்தில் பங்கில்லாத, சாதாரண பாலிஸிதான். வருஷத்துக்கு 66 ரூபாய் பிரீமியம், அதாவது ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஏஜெண்டு வேலையும் பார்த்தார். அவர் சொல்லி எடுத்தது. கம்பெனி டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதற்காக ரயிலேறிக் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஜட்காவில் வேலூருக்குப் போனாராம். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நூறு வயசு இருப்பீர்" என்றாராம்.

நான்கு வருஷம் கட்டினார். ஆக 264 ரூபாய். ஐந்தாவது வருஷம் கட்ட முடியவில்லை. பாலிஸியை முறித்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதினார். அதற்கு வந்த பதில்தான் பெட்டியில் இருந்த கடிதம்.

அதில் மூன்று வழிகள் சொல்லியிருந்தார்கள். பாலிஸியை ஒப்படைத்துவிட்டால் ரொக்கமாக 52 ரூபாய் 8 அணா. அப்படி வேண்டாமென்றால், இனிமேல் ஒரு காசும் கட்டாமல், பாலிஸியைக் குறைத்த தொகைக்கு வைத்துக்கொள்ளலாம். இருபதில் நான்கு பங்கு கட்டியிருப்பதால் 2,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு, 400 ரூபாய், அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு வரும். மூன்றாவது, இப்படிக் குறைத்த பாலிஸியையே ஈடாக வைத்து 47 ரூபாய் 4 அணா வரையில் கம்பெனியிலேயே 6 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கலாம். முதல் வழிக்கு எதிரே நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறது. தாத்தா போட்ட கோடு.

1937-ல், தம்முடைய 39-ஆவது வயதில், தாத்தா நிமோனியாவில் இறந்துபோனார்.

இந்தக் கடிதத்தை நான் முதல் தடவை படித்தபோது எனக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. பியூசி முடித்திருந்த மிடுக்கில், "தாத்தாவுக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாதோ?" என்று ஆயாவிடம் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லவில்லை. வேறொரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்குள், தாத்தா கட்டிய 264 ரூபாய் எப்படி 52 ரூபாய் 8 அணாவாகச் சுருங்கியது என்பதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நான் புரட்டிய புத்தகங்களின் கதை கொஞ்சம் இருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்தத் துறையில் இத்தனை சரக்கு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் எங்கள் ஊர்த் தொழிலைச் சொல்லவேண்டும். பாலாற்றங்கரையில் வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் ஊர்களில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது தோல். சந்தைகளிலிருந்து வரும் பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரும் சதையும் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்காகப் பதம்பண்ணி, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து எடுப்பார்கள். ஆவாரம்பூவைக் கவிதையில் பார்த்தவர்கள் உண்டு. நாங்கள் அதன் பட்டையை வண்டி வண்டியாகப் பார்த்தவர்கள். இப்படி அரைப்பதமான தோல் மதராஸ் பெரியமேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போகும். லண்டனில் அதை ஏலம் போடுவார்கள். அங்கே இருப்பவர்கள் அதை மறுபடி பதப்படுத்தி, சாயமேற்றி, பூட்ஸும் பையுமாக்குவார்கள். ஆகவே ஆம்பூரில் ஒரு கணக்குப்பிள்ளைக்கு மாதம் 40 ரூபாய் வருமா, வராதா என்பதை முடிவு செய்தது லண்டனில் ஏலச் சுத்தியலைத் தட்டியவனின் கை.

1914-லிருந்து 1918 வரையில் நடந்த யுத்தத்தில் பட்டாளத்து பூட்ஸுக்கு மதராஸ் மாட்டுத் தோல் வேண்டியிருந்தது. சர்க்காரே வாங்கிக் குவித்தார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டு, உள்ளூரில் பதனிடுகிறவர்களுக்குக் கை கொடுத்தார்கள். 1923-ல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 1929-ல் நியூயார்க்கில் பங்கு மார்க்கெட் சரிந்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் உலகத்தில் எந்தச் சரக்குக்கும் விலை இல்லை. ஆம்பூரில் தாத்தாவின் முதலாளி குழிகளை வற்றவிட்டு, ஆட்களைப் பாதிச் சம்பளத்தில் வைத்தார். பிறகு ஐந்து மாதம் மூடியே போட்டார். தாத்தா 1927-ல் பாலிஸியில் கையெழுத்திட்டபோது, தாம் இருபது வருஷம் தவறாமல் சம்பாதிப்போம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அவருடைய தொழிலோ நாலு வருஷத்துக்கு மேல் ஒரே நிலையில் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

இனிக் கணக்கு. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதனுக்கு வயது ஏற ஏற மரணம் நெருங்குகிறது. நியாயமாக வருஷா வருஷம் பிரீமியமும் ஏறவேண்டும். கிழவனானபோது கட்டவே முடியாத தொகையாகிவிடும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டாட்ஸன் என்ற கணக்கு வாத்தியார். லண்டனில் ஏற்கெனவே இருந்த ஒரு சங்கத்தில் இவர் ஆயுள் காப்புக் கேட்டார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, 1693-லேயே பிரெஸ்லா நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தார். அந்த மாதிரிக் கணக்குகளைக் கொண்டு, ஆயுள் பூராவும் ஒரே அளவாகப் பிரீமியம் கட்டினால் போதும் என்ற ஏற்பாட்டை டாட்ஸன் வகுத்தார். அவர் 1757-ல் இறந்துபோனார். 1762-ல்தான் அவருடைய திட்டப்படி 'ஈக்விடபிள்' சங்கம் லண்டனில் ஆரம்பமாயிற்று. அவருக்குப் பாலிஸி கிடைக்கவேயில்லை.

ஒரே அளவுப் பிரீமியம் என்றால் என்ன அர்த்தம்? இளமையில் நாம் கட்டுவது அந்த வருஷத்து ஆபத்துக்குத் தேவையானதைவிட அதிகம். அந்த அதிகப்படியைக் கம்பெனி வட்டிக்கு விட்டுச் சேர்த்துவைத்து, கிழவயதில் போதாமல் வரும் பங்கை ஈடுகட்டுகிறது. ஆக, பாலிஸிக்குள்ளே ஓர் உண்டியல் இருக்கிறது. பாதியில் முறித்துக்கொள்ளுகிறவன் கேட்பது இந்த உண்டியலைத்தான்.

ஆனால் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் உண்டியலில் அநேகமாக ஒன்றும் விழுவதில்லை. ஏஜெண்டு கமிஷன், டாக்டர் பீஸ், ஸ்டாம்பு, ஆபீஸ் செலவு எல்லாம் முதல் பிரீமியத்தைத் தின்றுவிடும். 1950-ல் நம் தேசத்தில் சட்டத்தைத் திருத்தி, முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவீதம் என்று கமிஷனுக்கு வரம்பு வைத்தார்கள். வரம்பே 35 என்றால், வரம்பில்லாத காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். முதல் நாலைந்து வருஷத்துக்குள் முறிக்கிறவன் கம்பெனியின் ஆரம்பச் செலவையெல்லாம் தன் தலையில் சுமந்துகொண்டு வெளியேறுகிறான். முப்பது வருஷத்துக்குப் பரவவேண்டிய செலவு நாலு வருஷத்தில் விழுகிறது.

எங்கள் வாத்தியார் ஏஜெண்டை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் அந்த வருஷம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம்.

உண்டியல் யாருடையது என்ற கேள்வியை உலகத்தில் உரக்கக் கேட்டவர் ஓர் அமெரிக்கர். எலிஸர் ரைட் என்று பெயர். இவரைப் பற்றிப் படித்தபோது, இன்னும் யாரும் இவரை வைத்து நாவல் எழுதவில்லையே என்று தோன்றிற்று. கணக்கு வாத்தியார், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டவர். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளைப் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷில் பாட்டாக மொழிபெயர்த்து அச்சிட்டு, தாமே சுமந்துகொண்டு விற்றவர். (இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனி அன்பு உண்டாயிற்று.) 1844-ல் அந்தப் புத்தகத்தை விற்க லண்டனுக்குப் போனார். போன இடத்தில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் நடக்கும் விதத்தையும் பார்த்துவரும்படி பாஸ்டனில் சொல்லியிருந்தார்கள். ராயல் எக்ஸ்சேஞ்சில் ஓர் ஏலம் நடந்தது. அங்கே விற்பனைக்கு வந்தவை கிழவர்களின் ஆயுள் பாலிஸிகள். பிரீமியம் கட்டக் கைவறண்ட கிழவன் கம்பெனிக்குப் போனால் ஒன்றும் பெயராது. ஆகவே ஏலத்துக்குக் கொண்டுவருவான். கிழவனே நிற்பான். வாங்குகிறவர்கள் அவனை மேலும் கீழும் பார்த்து, இன்னும் எத்தனை நாள் இருப்பான் என்று மதிப்பிட்டு விலை கேட்பார்கள். வாங்கியவன் மேற்கொண்டு பிரீமியம் கட்டிக்கொண்டு, கிழவன் சாவுக்குக் காத்திருப்பான். ரைட் தம் நாட்டில் அடிமைகளை ஏலம் போடுவதைப் பார்த்தவர். இதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி அட்டவணைகள் போட்டார். 1858-ல் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தின் இன்ஷ்யூரன்ஸ் கமிஷனரானார். சேர்ந்திருக்கும் உண்டியல் கட்டியவனுடையது, கம்பெனியுடையது அல்ல என்று விடாமல் வாதாடினார். 1861-ல் சட்டம் வந்தது: பிரீமியம் நின்றுபோனாலும் பாலிஸி உடனே செத்துவிடாது, சேர்ந்த இருப்பில் ஐந்தில் நாலு பங்கைக் கொண்டு எவ்வளவு காலத்துக்குக் காப்புக் கொடுக்க முடியுமோ அவ்வளவு காலம் கொடுத்தாக வேண்டும். ரொக்கமாகவே திருப்பித் தரவேண்டும் என்ற சட்டத்துக்கு 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கம்பெனிகள் ரைட்டைப் பதவியிலிருந்து கிளப்பிவிட்டன.

லண்டனில் எங்கள் ஊர்த் தோலை ஏலம் போட்டார்கள். மனிதனின் ஆயுளையும் ஏலம் போட்டார்கள். இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நம் நாட்டுக்கு இந்த வியாபாரம் 1818-ல் கல்கத்தாவுக்கு வந்தது, வெள்ளைக்காரர்களுக்காக. இந்தியர்களைச் சேர்த்துக்கொண்டபோதும், 'சுதேசி உயிருக்கு ஆபத்து அதிகம்' என்று பிரீமியத்தில் கூடுதல் போட்டார்கள். சாதாரண விகிதத்தில் இந்திய உயிரையும் ஏற்றது 1870-ல் பிறந்த பம்பாய் மியூச்சுவல். மதராஸில் 1906-ல் 'யுனைடெட் இந்தியா' தோன்றிற்று. ஆர்பத்நாட் பாங்கு மூழ்கியதும் அதே வருஷந்தான். வெள்ளைக்காரன் கையில் பணம் பத்திரம் என்ற நம்பிக்கை தென்னாட்டில் உடைந்த வருஷம் அது. மறு வருஷம் கல்கத்தாவில் 'ஹிந்துஸ்தான் கோவாப்பரேட்டிவ்' ஆரம்பித்தது, தாகூர் வீட்டு அறை ஒன்றில். கவிஞர் பிரீமியம் கட்டினாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.

சுதேசிக் கம்பெனிகள் பெருகின. அவற்றுக்கு 1912-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிஸிக்கு முறிவு மதிப்பு இருந்தே தீரவேண்டும் என்பது 1938-ஆம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தில்தான் வந்தது. அதன் 113-ஆவது பிரிவு. தாத்தா காலமான மறு வருஷம். அதற்கு முன்பு கொடுத்த கம்பெனிகள் உண்டு, எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்ததுபோல; அது பாலிஸியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனையைப் பொறுத்த விஷயம்.

இன்னொரு சட்டம் இருந்தது. இதை நான் கண்டுபிடித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டத்தில் ஆறாவது பிரிவு: புருஷன் தன் பாலிஸியில் 'இது என் மனைவிக்காக, என் குழந்தைகளுக்காக' என்று எழுதிவிட்டால், அது அவர்களுக்குரிய டிரஸ்டு சொத்தாகிவிடும். கடன்காரன் தொட முடியாது; அவனே நினைத்தாலும் தன்னிஷ்டத்துக்கு முறிக்க முடியாது. இந்தப் பிரிவு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்துமா என்று வெகுநாள் தகராறு. மதராஸ் ஹைகோர்ட்டு பொருந்தும் என்றது. 1923-ல் சட்டத்தைத் திருத்தியபோது, மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் எடுத்த பாலிஸிகள் என்றும், மதராஸுக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்தவை என்றும் எழுதினார்கள். அதாவது, 1927-ல் ஆம்பூரில் உட்கார்ந்து ஆயாவின் பெயரை அந்த விதமாக ஒரு வரி எழுதியிருந்தால், நீலப் பென்சிலுக்கு வேலையே இருந்திராது. அந்த வரியை யாரும் தாத்தாவுக்குச் சொல்லவில்லை.

நிற்க. அவருக்குச் சொல்லியிருந்தாலும், 1931-ல் வீட்டில் அடுப்பு எரியாதபோது அது வரமாக இருந்திருக்குமா, விலங்காக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இப்போது தாத்தாவின் கடிதத்துக்குத் திரும்புவோம். முறித்ததனால் அவருக்கு நஷ்டம் என்ன? 264 கட்டி 52 ரூபாய் 8 அணா வாங்கினார். ஆகவே 211 ரூபாய் 8 அணா நஷ்டம் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பான கணக்கு. முறித்தாலும் முறிக்காவிட்டாலும் கட்டிய பணம் கட்டியதுதான். நாலு வருஷம் அவர் உயிருக்கு 2,000 ரூபாய் காப்பு இருந்ததும் அதில் சேர்த்தி. பார்க்கவேண்டியது, அன்றைக்கு அவர் கையில் இருந்த மூன்று வழிகளில் எதற்காக எதை விட்டார் என்பது.

மூன்றாவது வழியில் போயிருந்தால் அன்றே கையில் 47 ரூபாய் 4 அணா கிடைத்திருக்கும். வட்டி வருஷத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா சொச்சம். அதை மட்டும் தவறாமல் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டி முதலோடு ஏறி, பாலிஸியையே கம்பெனி எடுத்துக்கொண்டுவிடும். கட்டியிருந்தால், 1937-ல் 400 ரூபாயில் கடனைக் கழித்துக்கொண்டு ஆயாவின் கையில் 352 ரூபாய் 12 அணா கொடுத்திருப்பார்கள். அதைவிட அதிகமாக, முறித்ததனால் தாத்தாவுக்கு அன்று கிடைத்தது ஐந்து ரூபாய் நாலு அணா. ஐந்தேகால் ரூபாய்க்காக 352 ரூபாய் 12 அணாவை விட்டார்.

352 ரூபாய் அந்தக் காலத்தில் தாத்தாவின் ஒன்பது மாதச் சம்பளம். அவர் இறந்தபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது, எட்டாவது வகுப்பு. அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே டானரியில் சிட்டை எழுதும் பையனாகச் சேர்ந்தார். முதலாளி சாயபு தம் மார்க்கத்தில் வட்டி கூடாது என்பதால் பாலிஸி கீலிஸி எதிலும் சேராதவர். ஆனால் தாத்தா இறந்ததிலிருந்து மூன்று வருஷம், மாதம் ஒரு மூட்டை அரிசி எங்கள் வீட்டு வாசலில் இறங்கிற்று. யார் அனுப்பியது என்று வண்டிக்காரன் சொல்லமாட்டான். அதைக் கணக்கில் எங்கே எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள் காகிதத்தில் போட்டு ஆயாவிடம் காட்டினேன். அப்போது அவளுக்கு எழுபது வயதுக்கு மேல். எழுத்துத் தெரியாது; ஆனால் மனக்கணக்கில் என்னை மிஞ்சுவாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும்டா. மூணையும் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. கடன்னு எழுதியிருந்துது பாரு, அதைப் படிக்கறப்பவே குரல் இறங்கிப் போச்சு. வாசல்ல நாலு கடன்காரன் நிக்கறான். அரிசிக் கடைக்காரன், மருந்துக்காரன், வூட்டு வாடகை, சீட்டு எடுத்த பணம். அதுக்கு மேல கம்பெனிக்காரனும் அஞ்சாவது ஆளா வந்து நிப்பானான்னாரு. கடனே வேணாம், நம்ம பணம் எவ்வளவு குறைஞ்சாலும் நம்ம பணமா வரட்டும்னுட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"உங்கப்பனுக்குக் காய்ச்சல் அன்னைக்குப் பதினெட்டாம் நாளு. நான் என்னாத்தைச் சொல்றது?"

அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை.

1956 ஜனவரியில் சர்க்கார் ஆயுள் இன்ஷ்யூரன்ஸை எடுத்துக்கொண்டு, செப்டம்பர் முதல் தேதி கார்ப்பரேஷனை ஆரம்பித்தார்கள். 245 ஸ்தாபனங்கள் அதில் கரைந்தன. முறிவு மதிப்புக்கு வழக்கமாக இருந்துவந்த குறைந்தபட்சக் கணக்கு: முதல் வருஷப் பிரீமியத்தைத் தள்ளிவிட்டு, மற்றவற்றில் 30 சதவீதம். தாத்தாவின் பாலிஸிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 198 ரூபாயில் 30 சதவீதம், 59 ரூபாய் 6 அணா சொச்சம். இத்தனை சட்டங்களுக்கும் பிறகு ஏழு ரூபாய் கூடுதல். இது அடித்தளந்தான், நாளாக ஆக இதைவிட மேலான விசேஷ மதிப்பும் கொடுப்பார்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து புது விதிகள் வந்திருக்கின்றன. புதிய பாலிஸிகளில் முதல் ஒரு வருஷத்துப் பிரீமியத்தை முழுதும் கட்டியிருந்தாலே, அந்த வருஷம் முடிந்தபின் முறிவு மதிப்பு உண்டு. குறைத்த பாலிஸியின் இன்றைய பெறுமானத்தை வைத்து அதைக் கணக்கிட வேண்டும். எலிஸர் ரைட் கேட்டால் மகிழ்வார். ஏன் இத்தனை நாள் என்றும் கேட்பார்.

அவர் கண்ட ஏலமும் வேறு உருவத்தில் நம் நாட்டில் எட்டிப் பார்த்தது. கம்பெனி தருவதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்துப் பிறருடைய பாலிஸிகளை வாங்கும் வியாபாரம் பம்பாயில் கிளம்பிற்று. கார்ப்பரேஷன் தடுத்தது. பாலிஸி சொத்து, மாற்றிக் கொடுக்கலாம் என்று 2007-ல் பம்பாய் ஹைகோர்ட்டு சொல்லியது; 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லியது. ஆனால் அதே 2015-ல் சட்டத்தைத் திருத்தி, வியாபாரத்துக்காக மாற்றினால் ஏற்க மறுக்கலாம் என்று கம்பெனிகளுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்த் தொழிலும் அடங்கவில்லை. 1973-லிருந்து அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுப்பதமாக்கி, செருப்பும் பூட்ஸுமாக்கி அனுப்பு என்றார்கள். அதற்குத் தக்க முதல் போட முடியாத சிறு டானரிகள் திண்டாடின. பட்டைக்குப் பதில் குரோமியம் வந்தது, பாலாறு பாழாயிற்று. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் ஊர்களில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை எடுத்துச் சொல்லி, கழிவு நீரைச் சுத்தம் செய்யாத தொழிற்சாலைகளை மூடச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். நியாயமான தீர்ப்பு. என் சிறு வயதில் நான் குளித்த ஆறு அது. அதற்காக எனக்கும் கோபம் உண்டு. ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்களின் வீட்டிலும் பிரீமியம் நோட்டீஸ் வந்திருக்குமே என்ற நினைவு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வந்தது.

இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனிகள். வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம். என் தம்பியின் பேரன் அப்படி ஒன்றில் தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது அவனுடைய கம்பெனியில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள் வேலையாயிற்று. அக்டோபரில் எனக்குப் போன் செய்தான்.

"தாத்தா, ஒரு பாலிஸி போட்டிருக்கேன். ஆயுசு முழுக்க இருக்கற மாதிரி. அஞ்சு வருஷம் கட்டியிருக்கேன். சரண்டர் பண்ணிடலாம்னு பார்க்கறேன். நீங்க இதெல்லாம் படிச்சிருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு."

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாயா என்றேன். கேட்டிருந்தான். கட்டியதில் ஏறக்குறையப் பாதி. குறைத்த பாலிஸியாக வைத்துக்கொண்டால் எவ்வளவு நிற்கும் என்று கேட்டாயா? கேட்கவில்லை. அதன் பேரில் என்ன கடன் தருவார்கள், வட்டி என்ன என்று கேட்டாயா?

"கடனா தாத்தா?" என்றான். குரல் இறங்கிப் போயிற்று.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆபீசுக்குப் போய் மூன்று தொகையையும் ஒரே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். வீட்டுக்காரியையும் உடன் அழைத்துப் போ என்றும் சொன்னேன்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. பேசியது அவன் இல்லை, அந்தப் பெண். காகிதம் கையில் இருக்கிறதாம். குறைத்துக்கொண்டு, கடன் வாங்கப் போகிறார்களாம். வட்டி தை மாதத்தில் கட்டவேண்டும். தன் சம்பளத்தில் மாதம் இவ்வளவு என்று எடுத்துவைத்தால் கட்டிவிடலாம் என்று தொகையையும் சொன்னாள். நான் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள், சரியாகத்தான் இருந்தது.